அக்ரிடின் ஆரஞ்சா, டாபியா: குளத்து நீருக்கு எந்த ஒளிர்சாயம்?

குளத்து நீரில் திரியும் நுண்ணுயிர்களை ஒளிரவைத்துப் பார்க்க ஆசைப்பட்டால், தேடல் பெரும்பாலும் இரண்டு சாயங்களில் வந்து நிற்கும்: அக்ரிடின் ஆரஞ்சு, டாபி. நான் எடுத்தது அக்ரிடின் ஆரஞ்சு. மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையே எடுப்பேன். பாக்டீரியாவை எண்ணுவதுதான் உங்கள் வேலை என்றால் மட்டும் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

இரண்டுமே டிஎன்ஏவில் போய் ஒட்டும் பொருட்கள். ஆகவே கையுறை கட்டாயம். மிச்சத்தைக் குளத்தில் ஊற்றக் கூடாது. இரண்டுக்கும் சாயம் துளிதான் செலவாகும், அதனால் சாயத்தின் விலையை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

முடிவெடுக்க வைப்பது, சாயத்தை ஒளிரவைக்க நாம் பாய்ச்ச வேண்டிய ஒளி. டாபி உறிஞ்சுவது 358 நானோமீட்டர் அருகே, அதாவது புறஊதா. அதற்கு 365 நானோமீட்டர் எல்இடி வேண்டும். அந்த ஒளியைத் தடுக்காத வில்லைகள் வேண்டும். பழைய பொருளருகு வில்லைகள் (மைக்ராஸ்கோப்பில் மாதிரிக்கு அருகே இருப்பவை) பல, புறஊதாவின் பெரும்பகுதியைத் தாமே விழுங்கிவிடும். வில்லைக்கும் மாதிரிக்கும் நடுவே விடும் இம்மர்ஷன் ஆயில் மலிவானதாக இருந்தால் தானே ஒளிரத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்பும் தேவை. அக்ரிடின் ஆரஞ்சுக்கு 470 நானோமீட்டர் நீல எல்இடி போதும். டிஎன்ஏவில் ஒட்டியது 525 அருகே பச்சையாகவும், ஆர்என்ஏவில் ஒட்டியது 650 அருகே சிவப்பாகவும் ஒளிரும்; 515 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும் ஒரே பில்டரில் இரண்டும் தெரியும். ஒளிர்வுக்கென்றே செய்த மைக்ராஸ்கோப் இல்லாவிட்டாலும், பின்னணி இருட்டாக இருக்கும் இருள்புல முறையில் பக்கவாட்டில் நீல ஒளி பாய்ச்சி, மேலே மஞ்சள் பில்டர் வைத்து ஒப்பேற்றலாம். ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: நீல எல்இடியின் ஒளியில் பச்சைப் பக்கம் ஒரு வால் நீளும். அதை வெட்ட எல்இடி முன்னால் இன்னொரு பில்டர் வைக்காவிட்டால், பின்னணி முழுக்கச் சாம்பல் பச்சையாகி எல்லாம் மங்கிவிடும்.

காட்சிக்கு வருவோம். அக்ரிடின் ஆரஞ்சு உயிருள்ள செல்லுக்குள் சில நிமிடங்களில் புகுந்துவிடும். பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியின் பெருங்கரு (அதன் இரு வகைக் கருக்களில் பெரியது) பச்சையாகத் தெளியும்; அமிலம் நிறைந்த உணவுக் குமிழ்களில் சாயம் குவிந்து அவை ஆரஞ்சாக மின்னும். டாபி உயிருள்ள செல்லில் தயங்கித்தான் நுழையும், ரசாயனத்தால் கொன்று பதப்படுத்திய செல்லில்தான் அதன் முழுத்திறமை. நீந்துவதைப் பார்க்கத்தானே குளத்து நீரை எடுக்கிறோம்? ஒரு சிக்கல் உண்டு: பாசிகளின் பச்சையமும் நீல ஒளியில் தானாகவே சிவப்பாக ஒளிரும். எது சாயம், எது பச்சையம் என்று குழம்பாமலிருக்க, சாயம் சேர்க்காத துளியை முதலில் பார்த்துவிடுவது நல்லது. டாபியின் நீலத்தில் இந்தத் தொல்லை கிடையாது.

அக்ரிடின் ஆரஞ்சின் பெரிய குறையை மறைக்கக் கூடாது. அது ஒளியோடு சேர்ந்தால் கொல்லும். மியூனிக்கில் ஆஸ்கர் ராப், அக்ரிடின் கலந்த நீரில் பாரமீசியங்கள் வெளிச்சத்தில் சாவதையும் இருட்டில் பிழைப்பதையும் கண்டு 1900இல் வெளியிட்டார்; ஒளிவழி நச்சு பற்றிய ஆய்வே அங்கிருந்துதான் கிளம்பியது. நம் சாயம் அதே குடும்பம். ஆகவே சாயத்தை வெகுவாக நீர்த்து, ஒளியைக் குறைத்து, பார்க்கும்போது மட்டும் எரியவிடுவேன். அப்படியும் சிறிது நேரத்தில் நீச்சல் தளர்வது தெரியும்.

எண்ணும் வேலையில் டாபி முந்திக்கொள்கிறது. 1977இல் ஜான் ஹாபி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் நீர்நிலை பாக்டீரியாவை வடிகட்டியில் பிடித்து அக்ரிடின் ஆரஞ்சால் எண்ணும் முறையை நிலைநாட்டினார்கள். 1980இலேயே போர்ட்டர், ஃபெய்க் என்ற ஆய்வாளர்கள் அதே வேலைக்கு டாபியை முன்வைத்தார்கள். டிஎன்ஏவில் ஒட்டியதும் டாபியின் ஒளிர்வு சுமார் 20 மடங்கு கூடும். பின்னணி இருட்டாகவே இருப்பதால், மண்துகளையும் பாக்டீரியாவையும் பிரித்தறிவது எளிது.

செல்லின் செல்லுலோஸ் சுவரைக் காட்டும் கால்கோஃப்ளோர் வெள்ளை என்ற இன்னொரு சாயத்தை நான் அதிகம் புழங்கியதில்லை. டெஸ்மிட் என்ற பச்சைப் பாசிகளின் சுவர் அதில் அழகாக நீலமாகத் தெரியும். அதற்கும் புறஊதாப் பக்கத்து ஒளிதான் வேண்டும் என்பதால், டாபிக்காக அந்த விளக்கை வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்தே வாங்கலாம்.