மஸ்டாங்கின் பின்பக்கம்: ஒரே ஆக்சிலா, தனித்தனிச் சக்கரமா?

2013 டிசம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தன் புகழ்பெற்ற வேகக் காரான மஸ்டாங்கின் அடுத்த மாடலை உலகத்துக்குக் காட்டியது. மஸ்டாங்குக்கு ஐம்பது வயது நிறையப்போகும் நேரம். பலரும் அதன் முகத்தையும் பின்விளக்கையும் பற்றிப் பேசினார்கள். மஸ்டாங் வைத்திருந்தவர்களோ, காரின் அடியில் குனிந்து பார்த்தால்தான் தெரியும் ஒரு விஷயத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே கட்டையாகச் சேர்த்துவைத்த சாலிட் ஆக்சில் போகிறது. ஒவ்வொரு பின்சக்கரமும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கும் இண்டிபெண்டன்ட் ரியர் சஸ்பென்ஷன், சுருக்கமாக ஐஆர்எஸ், 2015 மாடலில் மஸ்டாங் வரிசை முழுவதற்கும் வருகிறது. இது நல்லதுக்கா, கெட்டதுக்கா என்பதுதான் வாதம்.

நான் அன்றும் ஐஆர்எஸ் பக்கம், இன்றும் அதே பக்கம். ஆனால் சாலிட் ஆக்சில்தான் வேண்டும் என்று நின்றவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களில் பாதிக்குமேல் உண்மை இருக்கிறது.

சாலிட் ஆக்சில் எப்படி இருக்கும் என்று பார்க்க மஸ்டாங் தேவையில்லை. நம் ஊர் லாரி ஒன்றின் பின்னால் நின்று குனிந்தால் போதும். நடுவில் பானை போல உப்பிய டிஃபரன்ஷியல் (எஞ்சின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி), அதன் இரு பக்கமும் நீளும் குழாய்கள், முனைகளில் சக்கரங்கள். லாரி ஷெட்டில் மொத்தத்தையும் ‘ஹவுசிங்’ என்பார்கள். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரமும் சேர்ந்து சாயும். டிஃபரன்ஷியல் உட்பட அவ்வளவு கனமும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால், சாலையின் ஒவ்வொரு மேட்டுக்கும் அத்தனையும் எகிறி இறங்கவேண்டும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பருக்குப் பெரும்பாடு. மினிபஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து கிராமத்துச் சாலையில் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஐஆர்எஸ்ஸில் டிஃபரன்ஷியல் காரின் உடம்போடு சேர்ந்த ஒரு சட்டத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அங்கிருந்து இரண்டு ஷாஃப்ட்டுகள், மடங்கிக் கொடுக்கும் ஜாயிண்ட்டுகளோடு, சக்கரங்களுக்குப் போகின்றன. குழியில் இறங்கும்போது ஆடுவது அந்தச் சக்கரமும் கைகள் போல அதைப் பிடித்திருக்கும் உலோக இணைப்புகளும்தான்.

நேரான, வழவழப்பான சாலையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வளைவின் நடுவில்தான் தெரியும். அமெரிக்க நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ஒரு நீண்ட வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். கார் சாய்ந்திருக்கிறது, வெளிப்பக்கப் பின் டயர் தன் பிடியில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டது. அப்போது இரண்டு கான்கிரீட் பலகைகள் சேரும் இடுக்கு ஒன்று குறுக்கே வருகிறது. சாலிட் ஆக்சில் அப்படியே துள்ளி, கொஞ்சம் வெளிப்பக்கமாகத் தள்ளி இறங்கும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைத் திருத்தியாகவேண்டும். 2005 முதல் 2014 வரை வந்த மஸ்டாங்குகளை ஓட்டிப்பார்த்து எழுதியவர்கள் அடிக்கடி குறை சொன்னது இந்தத் துள்ளலைத்தான். தனித்தனிச் சக்கரம் உள்ள கார் அதே இடுக்கை ‘டக்’ என்ற சத்தத்தோடு கடந்து, பிடித்த கோட்டிலேயே போகும்.

அந்தப் பத்தாண்டு மஸ்டாங்கில் ஆக்சிலை முன்பின்னாகப் பிடிக்க மூன்று கைகள், பக்கவாட்டில் பிடிக்க பான்ஹார்ட் ராடு என்று ஒரு நீளக் கம்பி. அதன் ஒரு முனை ஆக்சிலில், மறு முனை காரின் உடம்பில். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுழலும் கம்பி வில் போலத்தான் நகரும். அதனால் ஆக்சில் ஏறி இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் பக்கவாட்டிலும் போகும். இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் சரியாக ஒரே மாதிரி இருக்காது. இதற்கு மருந்து பழைய மருந்துதான்: ஆக்சிலைப் பக்கவாட்டில் விடாமல் நேராக மேலும் கீழும் மட்டும் போகவிடும், நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட் கண்டுபிடித்த வாட்ஸ் லிங்கேஜ். ஃபோர்டே தன் கிரவுன் விக்டோரியா காரின் 1998 மாடலில் அதைப் போட்டது. நம் மஹிந்திரா ஸ்கார்பியோ-என் வண்டியின் பின் ஆக்சிலிலும் அதே ஏற்பாடுதான் இருக்கிறது. சாலிட் ஆக்சிலை ஒழுங்காகப் பிடித்துவைத்தால் அது எவ்வளவோ மரியாதையாக நடந்துகொள்ளும்.

எவ்வளவு மரியாதையாக என்பதற்கு 2012 மாடலாக வந்த பாஸ் 302 என்ற சிறப்பு மஸ்டாங் சாட்சி. 5 லிட்டர் வி8, 444 குதிரைத்திறன், பின்னால் அதே சாலிட் ஆக்சில். ஃபோர்டு குறிவைத்தது பிஎம்டபிள்யூ எம்3 காரை. எம்3 ஐஆர்எஸ் கார், விலையும் மிக அதிகம். கலிஃபோர்னியாவின் லகூனா சேக்கா பந்தயத்தடத்தில் பாஸ் 302 எம்3க்கு ஈடுகொடுத்தது, முந்தவும் செய்தது. அந்தக் காரை வடிவமைத்த பொறியாளர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. கையில் இருந்ததைத் தூக்கி எறியாமல், அதன் எல்லைவரை கொண்டுபோனார்கள்.

எதிர்முகாமில் இன்னொரு கதை. மஸ்டாங்கின் நேர்ப் போட்டியான செவ்ரோலே கமாரோ, 2010 மாடலாக மீண்டும் வந்தபோது, ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் உருவாக்கிய தளத்தில் ஐஆர்எஸ்ஸோடு வந்தது. காகிதத்தில் மஸ்டாங்கைத் தோற்கடித்திருக்கவேண்டும். ஆனால் வி8 எஞ்சின் வடிவங்களை எடுத்தால், கமாரோ எஸ்எஸ் ஏறக்குறைய 1,750 கிலோ, 2011 மஸ்டாங் ஜிடி ஏறக்குறைய 1,640 கிலோ. அந்த நூறு கிலோ சாதாரண விஷயம் இல்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஓட்டிய பல ஒப்பீடுகளில் ‘லாரி ஆக்சில்’ என்று கேலி செய்யப்பட்ட மஸ்டாங்தான் ஜெயித்தது. காரின் மற்ற பாகங்கள் சரியாக இருந்தால்தான் ஐஆர்எஸ்ஸின் பலன் கைக்கு வரும்.

சரி, 2005இலேயே ஏன் போடவில்லை? காசு. பாகங்கள் அதிகம், பொருத்தும் நேரம் அதிகம். அன்று வி6 மஸ்டாங்கின் தொடக்க விலை 20,000 டாலருக்குள் இருந்தது. முதல் சம்பளத்தில் தவணை கட்டி ஒரு இளைஞன் வாங்கக்கூடிய வேகக் கார் என்பதுதான் மஸ்டாங்கின் பெயருக்கே ஆதாரம். அவர்களில் பெரும்பாலோருக்குப் பின் ஆக்சில் எப்படிப்பட்டது என்பது கவலையே இல்லை. அந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே அடித்தளத்தில் 2013 ஷெல்பி ஜிடி500 என்ற மஸ்டாங்கில் 662 குதிரைத்திறனை ஏற்றியபோது, பின்பக்கம் தாங்கவேண்டியதைவிட அதிகம் சுமந்தது என்பது என் கருத்து.

இனி டிராக் ரேஸ்காரர்களின் வாதத்துக்கு வருவோம். கால் மைல் நேர்கோட்டுப் பந்தயம், நின்ற இடத்திலிருந்து பாய்ச்சல். சாலிட் ஆக்சிலுக்கு இங்கே இயற்பியலே துணை நிற்கிறது. எஞ்சின் முறுக்கும்போது சக்கரம் முன்னால் சுழல, ஆக்சில் ஹவுசிங் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கிறது. அதைத் தடுத்துப் பிடிக்கும் கைகளின் கோணத்தைச் சரியாக அமைத்தால், அந்த விசையே காரின் பின்பக்கத்தைத் தூக்கி, டயரைத் தரையில் அழுத்தும். ஐஆர்எஸ்ஸில் டிஃபரன்ஷியல் உடம்போடு சேர்ந்திருப்பதால் அந்த முறுக்கு உடம்புக்குப் போய்விடுகிறது. டயரை அழுத்த அவ்வளவாக உதவாது. அதற்குமேல், பாயும்போது பின்பக்கம் அமுங்க, தனித்தனிச் சக்கரங்களின் தலை உள்நோக்கிச் சாயும். அகலமான டயரின் உள்விளிம்புதான் தரையைத் தொடும். சாலிட் ஆக்சிலில் டயர் எப்போதும் தட்டையாகத் தரையில் பதிந்திருக்கும். (அதற்கும் ஒரு குறை உண்டு: எஞ்சின் பக்கமிருந்து பின்னால் வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு வலப்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். டிராக்கர்கள் அதையும் சமாளித்துக்கொள்வார்கள்.)

அடுத்தது வீல் ஹாப், அதாவது பாயும்போது பின்சக்கரம் துள்ளித் துள்ளி அடிப்பது. இணைப்புகளின் முனையில் மெத்தை போல இருக்கும் ரப்பர் புஷ்கள் முறுக்கில் சுருண்டு, டயர் வழுக்கியதும் விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி சுருளும். சக்கரம் சுத்தியல் போலத் தரையை அடிக்கும். ஷாஃப்ட் உடைவது இப்படித்தான். 1999 முதல் 2004 வரை வந்த எஸ்விடி (ஃபோர்டின் சிறப்பு வாகனப் பிரிவு) கோப்ரா மஸ்டாங்குக்கு இதுதான் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. ஐஆர்எஸ் கேட்டவர்களுக்கு ஃபோர்டு அன்று கொடுத்தது ஒரு சமரசம்: சாலிட் ஆக்சிலுக்காக அமைத்த காரில், அதே பொருத்துமிடங்களில் மாட்டும்படி ஒரு தனிச் சட்டத்தில் ஐஆர்எஸ்ஸைக் கட்டினார்கள். 2003 மாடலில் சூப்பர்சார்ஜரோடு (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) 390 குதிரைத்திறன் வந்ததும், அந்தச் சமரசம் ஒவ்வொரு பாய்ச்சலிலும் குரல் கொடுத்தது. மஸ்டாங்காரர்கள் பலர் ஐஆர்எஸ் என்றாலே முகம் சுளித்ததற்கு இந்த அனுபவம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் பார்த்தது ஒட்டுப்போட்ட ஐஆர்எஸ்ஸை.

2015 மஸ்டாங்கில் அப்படி இல்லை. காரே அதற்காக வரையப்பட்டது. இண்டக்ரல் லிங்க் என்ற அமைப்பில், சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கைக்கும் சக்கரத் தாங்கிக்கும் இடையே செங்குத்தாக ஒரு குட்டி இணைப்பு உண்டு. பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் சக்கரத் தாங்கி சுருண்டு திரும்பாமல் அது பிடித்துக்கொள்கிறது. அதனால் முன்பின் அசைவுக்கான புஷ்களை மென்மையாக வைக்க முடிகிறது. குழியில் உறுத்தாது, அதே நேரம் முறுக்கில் உதறாது. ஜிடி மாடலில் கார் மொத்தமாகச் சுமார் 40 கிலோ கூடியது. அந்தக் கனத்தை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன். ஆனாலும் வீல் ஹாப் முற்றிலும் போய்விடவில்லை. ஒட்டும் டயர் போட்டுப் பாய்பவர்கள் அந்தச் சட்டம் அசையாமல் இறுக்கும் பாகங்களைத் தனியாக வாங்கிப் போடுகிறார்கள்.

டிராக்கர்களின் வாதத்துக்கு ஃபோர்டே முத்திரை குத்தியது இன்னும் சுவாரசியம். ஆலையிலிருந்தே டிராக் ரேஸுக்கென்று விற்கும் கோப்ரா ஜெட் மஸ்டாங்கை இந்தப் புதிய உடம்பில் செய்தபோது, ஐஆர்எஸ்ஸை எடுத்துவிட்டு ‘9 அங்குலம்’ எனப்படும் சாலிட் ஆக்சிலை மறுபடி வைத்தார்கள். 2018இல் 68 கார்கள் அப்படி வந்தன. அப்படியானால் பாய்ச்சலில் ஐஆர்எஸ் தோற்றதா? அதே 2018 மாடலில் போட்டி நிறுவனமான டாட்ஜின் சேலஞ்சர் டீமன், ஐஆர்எஸ்ஸோடு, 840 குதிரைத்திறனோடு, முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு கால் மைலை 9.65 வினாடியில் கடந்தது. 2023இல் டீமன் 170 அதை 8.91 வினாடியாக்கியது. தடித்த ஷாஃப்ட்டுகள், பாய்ச்சலுக்கென்றே அமைத்த ஷாக் அப்சார்பர்கள், ஒட்டும் டயர்கள். ஐஆர்எஸ்ஸாலும் முடியும், ஆனால் நிறையச் செலவழிக்கவேண்டும். சாலிட் ஆக்சில் அதே வேலையைக் குறைந்த பாகத்தில், உடையாமல் செய்யும்.

அப்புறம் ஃபோர்டை இந்தப் பக்கம் தள்ளியது எது? உலகச் சந்தை என்பதுதான் எனக்குப் படும் பெரிய காரணம். 2015 மஸ்டாங் ஆலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வந்த முதல் மஸ்டாங். பிரிட்டனின் வளைந்த குறுகிய கிராமச் சாலைகளிலும் ஜெர்மனியின் ஆட்டோபானிலும் அதை விற்கவேண்டும். 2016இல் இந்தியாவுக்கும் வந்தது, 65 லட்சம் ரூபாய்க்கு. அந்த விலை கொடுப்பவரிடம் ‘பின்னால் லாரி ஆக்சில்தான், ஆனால் நல்ல லாரி ஆக்சில்’ என்று சொல்லமுடியாது. இந்த அடித்தளம் கிடைத்த பிறகுதான் ஷெல்பி ஜிடி350 மாதிரி ஒரு கார் பிறந்தது: நிமிடத்துக்கு 8,250 சுற்றுவரை பாடும் 5.2 லிட்டர் எஞ்சின், 526 குதிரைத்திறன். அதன் ‘ஆர்’ வடிவத்தில் கார்பன் ஃபைபர் சக்கரங்கள்கூட உண்டு, ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடையை இன்னும் குறைக்க. சாலிட் ஆக்சிலோடு இருந்திருந்தால் அந்தச் சக்கரங்கள் மிச்சம் பிடித்த கனம் ஹவுசிங்கின் கனத்தில் மறைந்துபோயிருக்கும்.

பந்தய உலகமும் மெதுவாக இதே வழியில் வந்தது. ஆஸ்திரேலியாவின் சூப்பர்கார்ஸ் பந்தயத் தொடர் 2013இல் ஐஆர்எஸ்ஸுக்கு மாறியது. சாலிட் ஆக்சிலின் கடைசிப் பெரிய கோட்டையான அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில், முதன்மையான கப் தொடர் 2022இல் மாறியது.

பழைய மஸ்டாங் வாங்கலாமா என்று யோசிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். தினமும் ஓட்ட, மலைப்பாதையில் ஓட்ட என்றால் 2015க்குப் பிறகு வந்ததைப் பாருங்கள். வார இறுதியில் டிராக் தடத்துக்குப் போகிறவர், தன் கையால் ஸ்பேனர் பிடிக்கிறவர் என்றால் 2011 முதல் 2014 வரையிலான ஜிடி போதும். மிச்சக் காசில் பின் ஆக்சிலுக்கு வாட்ஸ் லிங்கேஜும் நல்ல கைகளும் போட்டுக்கொள்ளலாம். பாஸ் 302 கிடைத்தால் மட்டும் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.

கோப்ராவின் ஐஆர்எஸ் பழைய பொருத்துமிடங்களிலேயே மாட்டும்படி அமைந்தது என்றேன் அல்லவா? 2003 கோப்ரா வாங்கிய டிராக்கர்கள் பலர் ஐஆர்எஸ்ஸை மொத்தமாகக் கழற்றி விற்றுவிட்டு சாலிட் ஆக்சில் மாட்டினார்கள். அதை வாங்கியவர்கள் வேறு மஸ்டாங்காரர்கள்: வளைவுகளில் ஓட்ட ஆசைப்பட்டு, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த தங்கள் கார்களின் சாலிட் ஆக்சிலை இறக்கிவிட்டு, அதே இடத்தில் இதைப் பொருத்திக்கொண்டார்கள்.