வெளியூர் பேஸ்பால் வர்ணனை: மத்திய அலையா, செயலியா?

செயின்ட் லூயிஸ் அணியின் ரசிகர் வட கரோலினாவில் குடியிருக்கிறார். சின்சினாட்டி அணியின் ரசிகருக்கு அட்லாண்டாவில் வேலை. இப்படிப்பட்டவர்கள் தங்கள் அணியின் நேர்முக வர்ணனையை வானொலியில் கேட்க இன்று அமெரிக்காவில் நான்கு வழிகள் உண்டு: இரவில் தொலைவிலிருந்து வந்து இறங்கும் மத்திய அலை (ஏஎம்), சிற்றூர் நிலையங்களின் அஞ்சல் (மறு ஒலிபரப்பு), செயற்கைக்கோள் வானொலி, எம்எல்பி (அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்) செயலியின் ஒலிச் சந்தா. நான் தேர்ந்தெடுத்தது கடைசி வழியை. மத்திய அலை வானொலிப் பெட்டி இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் செயலிதான். கட்டணத்தையும் ஒலித் தெளிவையும் பார்த்து எடுத்த முடிவில்லை இது. சூரியன் எப்போது மறைகிறது என்பதைப் பார்த்து எடுத்தது.

முதலில் மற்ற இரண்டையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

செயற்கைக்கோள் வானொலியான சிரியஸ் எக்ஸ்எம், நெடுஞ்சாலைப் பயணத்துக்கு மிகப் பொருத்தம். எந்த மாநிலத்தில் ஓட்டினாலும் அதே அலைவரிசை, அதே ஒலி. சுரங்கப்பாதை, அடுக்குமாடி வாகன நிறுத்தம், சாலையை மூடிய மரங்கள் ஆகிய மூன்றும்தான் அதற்கு எதிரி. குறை வேறிடத்தில் இருக்கிறது. செயற்கைக்கோள் அலைவரிசையில் பெரும்பாலும் ஆட்டம் நடக்கும் ஊர் அணியின் வர்ணனையே வரும். உங்கள் அணி வெளியூரில் ஆடும்போது எதிரணிக்காரர் குரலில்தான் ஆட்டத்தைக் கேட்க நேரும். உங்கள் ஆட்டக்காரர் பந்தைக் கூட்டத்துக்குள் அடித்ததை அவர் சுரத்தில்லாமல் சொல்லி முடிப்பார். கட்டணமும் செயலியைவிடக் கூடுதல். இதை நான் காரில்தான் பழகியிருக்கிறேன், வீட்டில் வைத்துக் கேட்கும் கருவிகளைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

சிற்றூர் நிலையங்களின் அஞ்சல் இலவசம். செயின்ட் லூயிஸின் கார்டினல்ஸ், அட்லாண்டாவின் பிரேவ்ஸ் போன்ற அணிகளுக்குப் பல மாநிலங்களில் பரவிய நிலைய வலை இருக்கிறது. அதில் ஒன்று உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லதுதான். ஆனால் அந்த நிலையத்தின் முதல் கடமை அந்த ஊருக்கு. வெள்ளிக்கிழமை இரவில் உள்ளூர்ப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து, மார்ச் மாதத்தில் கல்லூரிக் கூடைப்பந்து என்று வந்துவிட்டால் பேஸ்பால் பின்னுக்குப் போய்விடும். மார்ச்சில்தான் பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் நடக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த நிலையத்தின் இணைய ஒலிபரப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஆட்டத்தின் இணைய உரிமை லீக்கின் கையில் இருப்பதால், வெளியூர்க்காரருக்கு ஆட்ட நேரத்தில் வேறு ஏதாவது நிகழ்ச்சிதான் ஓடும்.

மிச்சம் இரண்டு. இனிதான் உண்மையான போட்டி.

மத்திய அலையின் பெருமை பழையது. 1921 ஆகஸ்ட் 5 அன்று பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ நிலையத்தில் ஹெரால்ட் ஆர்லின் செய்த வர்ணனைதான் வானொலியில் வந்த முதல் எம்எல்பி ஆட்டம். 50 கிலோவாட் சக்தியோடு, இரவில் பிறர் குறுக்கிடாதபடி பாதுகாக்கப்பட்ட பெரிய நிலையங்களில் சில இன்றும் பேஸ்பாலைச் சுமக்கின்றன: 1120இல் செயின்ட் லூயிஸ், 700இல் சின்சினாட்டி, 1100இல் கிளீவ்லாந்து, 670இல் சிகாகோ கப்ஸ், 660இல் நியூயார்க் யாங்கீஸ், 850இல் டென்வர். எல்லாம் கிலோஹெர்ட்ஸ். நல்ல இரவில் இவை 1,000 கிலோமீட்டர் தாண்டியும் பேச்சு புரியும் அளவுக்கு வரும். உங்கள் அணி இந்தப் பட்டியலில் இல்லாமல் பண்பலைக்கு மாறிவிட்ட அணி என்றால், மத்திய அலை என்ற பேச்சையே விட்டுவிடலாம். டெட்ராய்ட்டும் பிலடெல்பியாவும் அப்படித்தான். பண்பலை அடிவானத்தைத் தாண்டாது.

இப்போது சூரியன். பகலில், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் இருக்கும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதியான டி அடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. அஸ்தமனத்துக்குப் பிறகு அந்த அடுக்கு கரைகிறது. அப்போதுதான் அலை மேலடுக்குகள் வரை ஏறி, வளைந்து, தொலைவில் வந்து இறங்க முடிகிறது. நிலையத்துக்கும் உங்களுக்கும் நடுவழி வானம் இருட்டினால்தான் வேலை நடக்கும். இருட்டிய உடனேயும் நடக்காது. முதல் அரை மணி நேரம் ஒலி வந்துவந்து போகும்.

சின்சினாட்டியை எடுத்துக்கொள்வோம். ஜூன் கடைசியில் அங்கே அஸ்தமனம் இரவு 9:07 வாக்கில். 7:10க்குத் தொடங்கும் ஆட்டம் எப்போது முடியும்? 2022இல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 3 மணி 4 நிமிடம் ஓடியது. 2023இல் பந்து வீசுவதற்குக் கடிகாரம் வந்தது: தளத்தில் ஆளில்லை என்றால் 15 வினாடிக்குள் வீச வேண்டும். அந்த ஆண்டே சராசரி 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. அதாவது 9:50க்கு ஆட்டம் முடிந்துவிடும். தெற்கே உள்ள அட்லாண்டாவில் 700 தெளிவாகும்போது எட்டாவது இன்னிங்ஸ் போய்க்கொண்டிருக்கும். 6:40க்குத் தொடங்கும் நாட்களில் கடைசி ஆட்டக்காரர் வெளியேறுவதைக் கேட்டால் அதிர்ஷ்டம்.

ஏப்ரல் நடுவில் அஸ்தமனம் 8:15 வாக்கில், ஆகவே ஆட்டத்தின் பின்பாதி கிடைக்கும். செப்டம்பர் நடுவில் 7:45. அப்போது நான்காவது இன்னிங்ஸிலிருந்து கேட்கலாம், மத்திய அலை தன் பழைய பெருமையோடு நிற்கும். நடுவில் மே, ஜூன், ஜூலை மாதங்களில் அது பாதி ஊமை. கோடையின் இடி மின்னல் வேறு ஒவ்வொரு சொல்லுக்கு நடுவிலும் வெடிக்கும். தொலைவிலிருந்து வரும் மத்திய அலையில் ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டம் கிடைக்காது, வார நாள் மதிய ஆட்டமும் கிடைக்காது.

பயிற்சி ஆட்டங்களுக்கு வந்தால் கணக்கு முடிந்தேவிடுகிறது. பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை 15 அணிகள் புளோரிடாவிலும் 15 அணிகள் அரிசோனாவிலும் ஆடுகின்றன. பெரும்பாலான ஆட்டங்கள் பிற்பகல் 1 மணியை ஒட்டித் தொடங்குகின்றன. அப்போது டி அடுக்கு முழு வலிமையில் இருக்கும். 50 கிலோவாட் இருந்தும் பயனில்லை.

செயலியில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஆண்டுச் சந்தா 30 டாலரை ஒட்டியது. காணொளிச் சந்தாவில் நீங்கள் குடியிருக்கும் பகுதி அணியின் ஆட்டத்தை மறைப்பதுபோல ஒலிச் சந்தாவில் மறைப்பதில்லை. பருவ ஆட்டங்களில் இரு அணிகளின் வர்ணனையும் இருக்கும், வேண்டியதைத் தொட்டுக்கொள்ளலாம். வெளியூர் ஆட்டத்திலும் நம் அணிக்காரர் குரலிலேயே கேட்கலாம் என்பது இதில்தான் உறுதி. நொடிக்கு 64 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், 2 மணி 40 நிமிட ஆட்டத்துக்கு 77 மெகாபைட் டேட்டா ஆகும். கைபேசித் திட்டத்துக்கு இது பெரிய சுமையில்லை.

ஒரு பெரிய குறை உண்டு: தாமதம். வீச்சு நடந்து அரை நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் குரல் வரும், சில நாட்களில் ஒரு நிமிடம்கூட ஆகும். அதனால் முதல் வேலையாகக் கைபேசியில் ஸ்கோர் அறிவிப்புகளை எல்லாம் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் தளத்தில் நிற்க, வர்ணனையாளர் வீச்சாளரின் தோளசைவைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "ஆட்டம் முடிந்தது" என்று திரைமேல் வந்து விழும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு ரசிகர் இருந்தால் அதையும் அடக்கி வையுங்கள். தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டு வானொலிக் குரலைக் கேட்க நினைப்பவர்கள் தனித்தனியாக இரண்டையும் ஓட்டிப் பொருத்திப் பார்க்க வேண்டாம். எம்எல்பி டிவி சந்தா இருந்தால் அதன் ஒலித் தெரிவிலேயே வானொலி வர்ணனையைப் படத்தோடு சேர்க்கலாம். மைதானத்துக்குள் உட்கார்ந்து கேட்பதற்குச் செயலி உதவாது, அங்கே மத்திய அலைதான்.

தாமதம் பேஸ்பால் வானொலிக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1930களில் வெளியூர் ஆட்டத்துக்கு வர்ணனையாளரை அனுப்புவது அரிது. தந்தியில் "ஸ்டிரைக்" (மட்டையாளருக்கு எதிராக எண்ணும் வீச்சு), "பந்து" (அவருக்குச் சாதகமாக எண்ணும் வீச்சு) என்று சுருக்கமாக வரும் குறிப்பை வைத்து, நிலையத்தில் உட்கார்ந்து மட்டையோசை எழுப்பி, நேரில் பார்ப்பதுபோலச் சொல்வார்கள். அயோவாவின் டபிள்யூஎச்ஓ நிலையத்தில் சிகாகோ கப்ஸ் ஆட்டங்களை அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் ரொனால்ட் ரீகன். அந்த வழக்கத்தின் நிழல் 2020இல் திரும்ப வந்தது. கொரோனா காலத்தில் வர்ணனையாளர்கள் வெளியூர் ஆட்டங்களை வீட்டு மைதானத்தில் திரையைப் பார்த்தபடி சொன்னார்கள். 2021இல் டொரண்டோ அணியின் வானொலியில் தொலைக்காட்சி ஒலியே ஓடியது. கேட்பவருக்கு இதில் இழப்பு பெரிது. தொலைக்காட்சிக்குப் பேசுபவர் எத்தனை ஸ்டிரைக், எத்தனை பந்து, எந்தத் தளத்தில் யார் என்பதைச் சொல்லமாட்டார், திரையில் எழுதியிருக்கிறதே! புதிதாக ஒரு அணியைப் பின்தொடரப் போகிறவர்கள் ஒரு வெளியூர் ஆட்டத்தை இரண்டு இன்னிங்ஸ் கேட்டுப் பாருங்கள். களத்தில் யார் எங்கே நகர்ந்து நிற்கிறார், காற்று எந்தப் பக்கம் என்பது பேச்சில் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் அவர் நேரில் இருக்கிறார்.

மார்ச்சில் செயலியை வைத்துக் கேட்பதற்கும் சில நுணுக்கம் உண்டு. எல்லாப் பயிற்சி ஆட்டத்துக்கும் வர்ணனை கிடையாது. ஒவ்வொரு அணியும் எந்தெந்த ஆட்டம் என்று தன் வானொலி அட்டவணையில் முன்பே போட்டுவிடும். தொடக்க வாரங்களில் வார இறுதி மட்டும் என்பது சகஜம். உங்கள் அணியின் குரல் இல்லாத நாளில் எதிரணியின் வர்ணனை இருக்கிறதா என்று பாருங்கள், பல சமயம் இருக்கும். அணி இரண்டாகப் பிரிந்து ஒரே நாளில் இரண்டு ஊரில் ஆடும் நாட்களும் உண்டு. அன்றைக்கு வர்ணனை ஏதாவது ஓர் ஆட்டத்துக்குத்தான், நீங்கள் காத்திருக்கும் வீச்சாளர் மற்றதில் இருக்கலாம். அணியின் அறிவிப்பில் யார் எங்கே என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ஐந்தாவது இன்னிங்ஸுக்கு மேல் 80, 90 எண் போட்ட இளைஞர்கள் இறங்குவார்கள், அணிப் பட்டியலை எதிரே திறந்து வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். இன்னொன்று, அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை. மார்ச் இரண்டாவது ஞாயிறுக்கு முன் அங்கே 1:05 என்றால் கிழக்குக் கடற்கரையில் 3:05, அதற்குப் பிறகு 4:05. இதை மறந்து ஒரு மணி நேரம் முன்பே திறந்து வைத்துக் காத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

செப்டம்பரில் மத்திய அலையைக் கேட்கவும் நான் சொல்வேன். தாமதம் ஏறக்குறைய இல்லை, இணையம் போனாலும் மின்சாரம் போனாலும் ஓடும், கட்டணம் இல்லை. ஆனால் பெட்டியை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. உள்ளே நீளவாக்கில் ஒரு ஃபெரைட் தண்டு படுத்திருக்கிறது. அதன் பக்கவாட்டுப் பகுதி நிலையத்தைப் பார்த்தால் ஒலி உச்சம், முனை பார்த்தால் ஒலி மங்கும். பெட்டியை மெல்லச் சுழற்றினால் கையிலேயே தெரியும். இந்த மங்கும் முனைதான் பெரிய ஆயுதம். சார்லட்டில் இருப்பவருக்கு 1110இல் உள்ளூர்ப் பெரிய நிலையம் இருக்கிறது. இரு பக்கமும் 1100 கிளீவ்லாந்தும் 1120 செயின்ட் லூயிஸும் அதன் சத்தத்தில் முழுகும். நாஷ்வில்லில் 650 இருக்க, 660 நியூயார்க்குக்கு அதே கதி. அப்போது தண்டின் முனையை உள்ளூர்க் கோபுரத்தை நோக்கி வையுங்கள். பெட்டி ஏற்கும் அலைப்பட்டையின் அகலத்தை 3 கிலோஹெர்ட்ஸுக்குக் குறுக்குங்கள். 1120க்குப் பதில் 1121இல் நிறுத்துங்கள். உள்ளூர்க் கோபுரமும் நீங்கள் தேடும் நிலையமும் ஒரே திசையிலோ நேரெதிர்த் திசையிலோ இருந்துவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

டெக்சன் ஏஎன்-200 போன்ற வளைய ஆன்டெனாவைக் கம்பி எதுவும் இணைக்காமல் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அதன் குமிழைத் திருப்பி ஒலி எழும் இடத்தில் விட்டால் போதும். ஆனால் வீட்டு இரைச்சல் இருந்தால் அதையும் சேர்த்தே பெருக்கும். எல்இடி விளக்கு, கைபேசி சார்ஜர், மடிக்கணினி அடாப்டர் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். பெட்டியைப் பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துக் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு மின்சுற்றாகப் போட்டு வாருங்கள், எதைப் போட்டதும் கரகரப்பு ஏறுகிறதோ அதுதான். மெயினை அணைத்தும் இரைச்சல் குறையவில்லை என்றால் அது பக்கத்து வீட்டிலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ வருகிறது. அந்த வீட்டில் மத்திய அலைக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

அக்டோபர் ஆட்டங்கள் முடிந்த அன்றே பெட்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். குளிர்காலம் முழுக்க உள்ளே கிடந்தால் கசிந்து முனைகளை அரித்துவிடும். செயலியின் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியையும் அன்றே நிறுத்திவிடுங்கள். பிப்ரவரி கடைசி வாரம் வரை இரண்டுக்கும் வேலையில்லை.