மடக்கு சாவி போடக் கொடுத்து 3,200 ரூபாய் போச்சு: கொடுப்பதற்கு முன் படித்துவிடுங்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் மரியாதையாக எழுத ஆரம்பித்துவிடுவேன்.

பழைய மாடல் ஸ்விஃப்டின் இரண்டு பட்டன் ரிமோட் சாவி. அதை ஃபிளிப் கீயாக, அதாவது பட்டனை அழுத்தினால் சடக்கென்று பிளேடு வெளியே வருகிற மடக்கு சாவியாக மாற்றித் தரச் சொல்லி ஒரு கார் ஆக்சசரீஸ் கடையில் கொடுத்தது. 3,200 ரூபாய் போயிற்று, காரின் ஒரிஜினல் சிப்பும் சேர்ந்து போயிற்று. கடையின் பெயரைப் போடவில்லை. சீட் கவர், ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா விற்றுக்கொண்டு, வாசலில் "எல்லா கார் சாவியும் புரோகிராம் செய்யப்படும்" என்று ஃபிளெக்ஸ் கட்டியிருக்கும் கடை. உங்கள் ஊரிலும் நாலு இருக்கும்.

வேலை என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், எங்கே கைவைத்தார்கள் என்பது அப்போதுதான் புரியும். சாவியின் தலைக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சாமான்கள் குடியிருக்கின்றன. ஒன்று ரிமோட் போர்டு. கதவைப் பூட்டித் திறப்பது அது, காயின் பேட்டரியில் ஓடுவது. இன்னொன்று இம்மொபிலைசர் சிப், அதாவது சரியான சாவி இல்லாமல் இன்ஜின் ஓடாதபடி தடுப்பதற்கானது. இந்த மாதிரி சாவிகளில் அது கறுப்பாக ஒரு சின்னக் கட்டி, 12 மில்லிமீட்டர் நீளம், 6 அகலம், 3 தடிமன் இருக்கும். இதற்குப் பேட்டரியே கிடையாது. இக்னிஷன் லாக்கைச் சுற்றி வளையமாக ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள், இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தக் காயில் 125 கிலோஹெர்ட்ஸில் சிப்பை எழுப்பும், சிப் தன் அடையாளத்தைச் சொல்லும். காரின் கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டால்தான் இன்ஜின் ஓடும். சரிபார்ப்பு ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் மட்டும்தான் நடக்கும். ஓடத் தொடங்கிய பிறகு சிப் எங்கே இருக்கிறது என்று கார் கேட்பதில்லை. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மொத்த மோசடியும் இதில்தான் நிற்கிறது.

மடக்கு சாவியாக மாற்றுவது என்றால் பழைய தலையைப் பிளந்து போர்டை எடுக்க வேண்டும், சிப்பை உடையாமல் பெயர்த்து எடுக்க வேண்டும், இரண்டையும் புது ஷெல்லில், அதாவது பிளாஸ்டிக் கூட்டில், அதனதன் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். பல் வெட்டாத புது பிளாங்க் பிளேடில் பழைய சாவியின் பல்லை வெட்டி, ஷெல்லின் சுழலும் மூட்டில் ரோல் பின் அடித்துப் பொருத்த வேண்டும். கடைசியாக ஸ்பிரிங். அதை முறுக்காமல் மூடினால் பிளேடு பாதியில் நிற்கும். ஷெல்லைப் பொறுத்து அரைச் சுற்றிலிருந்து ஒன்றரைச் சுற்று வரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு மூட வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் முறுக்கினால் பிளேடு அடித்துக்கொண்டு வந்து மூட்டுப் பக்கத்துப் பிளாஸ்டிக்கை விரிசல் விட வைக்கும். தெரிந்தவர் கையில் ஒரு மணி நேர வேலை, ஷெல் ஆன்லைனில் 300, 400 ரூபாய்க்கே கிடைக்கும். மீதிக் காசு சிப்பை மாற்றும் கைத்திறனுக்கும் பிளேடு வெட்டும் மெஷினுக்கும்தான்.

நம்பியது எந்த இடத்தில் என்றால், கடைக்காரர் சொன்ன இந்த வார்த்தையில்: "சார், ஷெல்லு, பிளேடு, சிப்பு மாத்துறது எல்லாம் சேர்த்து 3,200. வண்டிய உங்க கண்ணு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிக் காட்டிட்டுத்தான் காசு வாங்குவேன்." இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன உத்தரவாதம் கேட்பான்?

ஸ்டார்ட் பண்ணியும் காட்டினார்கள். வேலை செய்த பையன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான், மடக்கு சாவியைச் சடக்கென்று விரித்தான், திருப்பினான், ஒரே இழுப்பில் இன்ஜின் பிடித்தது. பழைய சாவியின் தலை அவன் உள்ளங்கையிலேயே இருந்தது. வேலை செய்கிறவன் கையில் பழைய சாமான் இருப்பதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி, "ஓகேவா சார்?" என்றான். ஜிபேயில் 3,200 போனது. ஸ்கேன் செய்ததும் வந்தது கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். "பழைய தலை எதுக்கு சார், குப்பைதானே" என்று மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டார்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டி நேராக வீட்டுக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை ரிமோட் வேலை செய்கிறது, கதவு திறக்கிறது. சாவி திரும்புகிறது, செல்ஃப் கணீரென்று சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் இம்மொபிலைசர் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. ஸ்பேர் சாவியைப் போட்டால் உடனே ஸ்டார்ட். அப்படியானால் வண்டியில் கோளாறு இல்லை. அடுத்து ஒரு சோதனை: மடக்கு சாவியை இக்னிஷனில் விட்டு, ஸ்பேர் சாவியின் தலையை லாக்கின் பிளாஸ்டிக் வளையத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு திருப்பினால்? ஸ்டார்ட் ஆகிறது! ஸ்பேரை எடுத்துவிட்டுத் திருப்பினால் ஆகவில்லை. மடக்கு சாவிக்குள் உயிருள்ள சிப் இருந்தால் இப்படிப் பக்கத்தில் இன்னொரு சிப்பைக் கொண்டுபோகும்போது இரண்டும் ஒரே நேரத்தில் பேசி காயில் குழம்ப வாய்ப்பு உண்டு. இங்கே குழப்பமே இல்லை, ஏனென்றால் உள்ளே பேசுவதற்கு ஆளே இல்லை. கடையில் ஸ்டார்ட் ஆனது அந்தப் பையனின் உள்ளங்கையில் இருந்த பழைய தலையால்.

இதற்குப் பிறகு கடை சொன்ன பதில்களைக் கேளுங்கள்.

"செல்ஃப் பேட்டரி வீக்கா இருக்கும் சார்." வீக்காக இருந்தால் செல்ஃப் இப்படிச் சுற்றுமா, ஸ்பேர் சாவியில் மட்டும் எப்படி ஸ்டார்ட் ஆகும்?

"ரிமோட் பேட்டரி மாத்திப் பாருங்க." சிப்புக்குப் பேட்டரியே கிடையாது. சாவி வேலை செய்கிற கடைக்கு இது தெரியாதா?

"சிப்பு பழசு சார், தானா செத்துடும். நம்ம மேல தப்பில்ல. புது சிப்பு போட்டு புரோகிராம் பண்ணணும், 3,500 ஆகும், உங்களுக்காக 3,000." வந்துவிட்டதா விஷயம்! 3,200 வாங்கியது தூண்டில், இந்த 3,000 தான் மீன்.

"சரி தம்பி, அந்தப் பழைய தலையையாவது கொடு" என்றால், "அன்னிக்கே குப்பையில போட்டாச்சு சார்." அதற்குப் பிறகு மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கிறார், முதலாளி வெளியே போயிருக்கிறார், "பில் இருக்கா சார்?" பில் கொடுத்தால்தானே இருக்கும். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழவில்லை. 3,200 ரூபாய் பெரிய பணமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வேலை செய்து வாங்கியிருந்தால் பெரிய பணமில்லை.

ஷெல்லைத் திறந்து பார்த்ததில் மீதி வண்டவாளமும் தெரிந்தது. திறப்பதே பெரும்பாடு, விளிம்பு முழுக்க ஃபெவிக்விக். ஸ்குரூவும் கிளிப்பும் வைத்து மூட வேண்டிய ஷெல்லை ஒட்டிவிட்டால் அடுத்த முறை பேட்டரி மாற்ற எதை உடைப்பது? அந்தப் பசையின் ஆவி உள்ளே அடைபட்டு, போர்டில் பட்டன் தொடும் இடங்களில் வெள்ளைப் படலமாகப் படிந்திருக்கிறது. ரிமோட் சில நாளில் விட்டுவிட்டு வேலை செய்யத் தொடங்கும், அப்போது அதற்கும் ஒரு ரேட் சொல்வார்கள்.

சிப் வைக்கும் பள்ளத்தைப் பார்த்தேன். பிளாஸ்டிக் வார்க்கும்போது ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய பிசிறு அப்படியே இருக்கிறது. பசைத் தடம் இல்லை, கீறல் இல்லை. அந்தப் பள்ளத்தில் ஒரு சிப் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. "தானா செத்த சிப்பு" என்றார்களே, அதை வைக்கவே இல்லை.

மூட்டில் ரோல் பின் இருக்க வேண்டிய இடத்தில் ஆணியை வெட்டிச் சொருகியிருக்கிறார்கள். ரோல் பின் என்பது பிளந்த எஃகுக் குழாய், துளைக்குள் போனதும் விரிந்து இறுகிக்கொள்ளும். ஆணிக்கு அந்த இறுக்கம் கிடையாது, அதனால்தான் பிளேடு பக்கவாட்டில் ஆடுகிறது. சாவியைத் திருப்பும் விசை முழுவதும் அந்தப் பின்னில்தான் விழும். ஆணி நழுவினால் தலை உங்கள் கையில், பிளேடு இக்னிஷனுக்குள். பிளேடாவது உருப்படியா என்றால், ஸ்பேர் சாவியில் ஒட்டாத காந்தம் இதில் டப்பென்று ஒட்டுகிறது. பித்தளை சேர்ந்த பிளேடு இல்லை, இரும்புக்கு முலாம். தேய்ந்த பழைய சாவியை அப்படியே நகல் எடுத்திருப்பதால் பழைய தேய்மானத்தோடு மெஷினின் பிசகும் சேர்ந்து, டிரைவர் கதவில் இரண்டு தடவை ஆட்டினால்தான் திரும்புகிறது.

இது சோம்பேறித்தனமா, திட்டமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பசையில் ஒட்டியிருந்த சிப்பைப் பெயர்க்கத் தெரியாமல் விட்டிருந்தால், "சார், சிப்பு வரல, பழைய தலையையும் கூடவே வெச்சுக்கங்க" என்று சொல்லியிருக்கலாம். தலையை டிராயரில் போட்டுக்கொண்டார்களே.

பணத்தைவிடப் பயமான விஷயம் இனிமேல்தான். காரை ஸ்டார்ட் செய்யும் சிப்பும் கதவைத் திறக்கும் பிளேடும் ஒரே தலையில் முன்பின் தெரியாதவர்கள் கையில் இருக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைப் போட்டு, காரில் பதிவான சாவிகளையெல்லாம் அழித்துவிட்டு ஸ்பேரை மட்டும் மறுபடி பதிவு செய்தாகிவிட்டது. இனி அந்தச் சிப் வெறும் கட்டி. ஆனால் அந்தப் பிளேடு இன்னும் கதவைத் திறக்கும், அதற்கு லாக்கையே மாற்ற வேண்டும். இன்னொன்று, நாளைக்கு வண்டி திருடு போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்கும். ஒன்று மேசை டிராயரில் போயிற்று என்று எழுதிக் கொடுக்க முடியுமா? ஆகிற செலவைக் கூட்டவே மனம் வரவில்லை. 3,200 என்பது ஆரம்பம் மட்டும்தான்.

எந்த ஷெல் வாங்கலாம், சிப்பை வீட்டிலேயே எப்படி மாற்றலாம் என்று விளக்கமாகப் போட நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

பழைய சாவியின் தலை, பிளேடு, திருகு வரை எல்லாம் திரும்ப வாங்குங்கள். காசு கொடுப்பதற்கு முன் பழைய தலையையும் ஸ்பேரையும் காரிலிருந்து பத்தடி தள்ளி வைத்துவிட்டு, புது சாவியால் நீங்களே இன்ஜினை அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள், அவர்கள் ஸ்டார்ட் செய்து காட்டுவது கணக்கில் இல்லை. மூடும் முன் சிப் பள்ளத்தில் இருப்பதைப் போட்டோ எடுங்கள். கார் வாங்கும்போது சாவியோடு கொடுத்த நம்பர் தகடு இருந்தால் அந்த நம்பரை வைத்து பிளேடு வெட்டச் சொல்லுங்கள், ஆனால் தகட்டைக் கடையில் விடாதீர்கள். ஒரே சாவிதான் இருக்கிறது என்றால் இந்த வேலைக்கே கொடுக்காதீர்கள். தனி ஆள் பெயருக்குப் பணம் போடாதீர்கள், பில் இல்லாமல் நகராதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள், யுபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். என் புகாரோடு நான் வைத்திருப்பதும் அவைதான், கூடவே அந்த ஆணித் துண்டு.