புது கம்ப்ரசரா, ரீகண்டிஷனா? முதலில் பழைய ஆயிலைப் பாருங்கள்

கார் ஏசி கம்ப்ரசர் (குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் பாகம்) போய்விட்டது என்றால் நாலு வழி இருக்கிறது. கம்ப்ரசரைப் புல்லியோடு இணைத்து விடுவிக்கும் கிளட்ச், புல்லியின் பேரிங் மட்டும் மாற்றலாம். உடைத்த வண்டியிலிருந்து கழற்றியதை வாங்கிப் போடலாம். ரீகண்டிஷன் செய்தது போடலாம். இல்லையென்றால் புத்தம் புதிது. ஒரே காரில் ஒரே வருடத்துக்குள் ரீகண்டிஷனும் போட்டேன், பிறகு புதிதும் போட்டேன். இன்று யார் கேட்டாலும் புதிதைத்தான் சொல்வேன். ஆனால் "புதுசு நல்லா உழைக்கும்" என்பதற்காக அல்ல, காரணம் வேறு.

முதல் இரண்டு வழிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஏசியை அணைத்திருக்கும்போதும் புல்லி பக்கம் உறுமல் கேட்டால் பெரும்பாலும் புல்லி பேரிங்தான். காலையில் நன்றாகக் குளிர்ந்து, இன்ஜின் சூடானதும் ஏசி விட்டுவிட்டு வேலை செய்தால் கிளட்ச் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். தேய்ந்து அகன்றால் சூடான கிளட்சின் காந்தக் காயிலால் கிளட்ச் தட்டை இழுக்க முடியாது. இதற்கெல்லாம் கம்ப்ரசரையே மாற்றுவது வீண் செலவு. பல கார்களில் கேஸைக்கூட வெளியே விடத் தேவையில்லை. உடைத்த வண்டியில் கழற்றியதை நான் போட்டதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: கேஸ் வாய்கள் மூடாமல் கிடந்த கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும்.

இப்போது ரீகண்டிஷன். சீல், பேரிங், வால்வ் தட்டு எல்லாம் மாற்றி, தேய்ந்ததைச் சரிசெய்து தருகிறார்கள். நல்ல கை பட்டால் நன்றாகவே ஓடும். எனக்குப் போட்டது நாலு மாதத்தில் ஜாம் ஆகி, பெல்ட் புகைந்து, வழியிலேயே நின்றேன். அன்று ரீகண்டிஷன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டாவது முறை வேலை பார்த்த மெக்கானிக் பழைய கண்டென்சரின் (சூடான கேஸைக் குளிர்விக்கும், ரேடியேட்டர் போன்ற பாகம்) ஒரு குழாயை அறுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளி நிறத்தில் சேறு. "இது இந்த நாலு மாசத்துல வந்தது மட்டும் இல்ல சார், அதுக்கு முந்தின கம்ப்ரசர் தேஞ்சப்ப வந்ததும் சேர்ந்திருக்கு" என்றார்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த இடம்தான். கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு கலந்து கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பேன்ஷன் வால்வ், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் எல்லாம் சுற்றித்தான் திரும்பி வருகிறது. கம்ப்ரசர் உள்ளே தேய்ந்தால் அந்த உலோகத்தூள் முதலில் போய் இறங்குவது கண்டென்சரில். இன்றைய கண்டென்சர்களில் தட்டையான குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் வரிசையாக மிகமிகச் சிறிய துளைகள். கரைசலை ஊற்றி அலசினால் அது அடைக்காத துளைகள் வழியாக ஓடிவிடும். அடைத்தவை அடைத்தபடியே இருக்கும். கீழே விழும் கரைசல் தெளிவாக இருப்பதைப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம். முதல் முறை எனக்கு நடந்தது அதுதான். அடைப்பு இருக்கும் இடத்தில் அழுத்தம் ஏறும், சூடு ஏறும், ஆயில் திரும்புவது குறையும். புதிதாகப் போட்ட கம்ப்ரசர் ஆயில் இல்லாமல் காய்ந்து தேயும்.

அதனால் நியாயமாகச் சொன்னால், அந்த ரீகண்டிஷன் கம்ப்ரசர் மோசமா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சுத்தமான கண்டென்சரோடு போட்டிருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

பிறகு ஏன் புதிது பக்கம் சாய்கிறேன்? ஆயில் கணக்கு. ஒரு சாதாரணக் காரின் ஏசி முழுவதற்கும் சேர்த்தே நூறிலிருந்து இருநூறு மில்லி சொச்சம்தான் ஆயில். குறைந்தால் கம்ப்ரசர் போகும். கூடினால் குளிர்ச்சி போகும். புதிதோடு வந்த தாளில் எந்த வகை ஆயில், எத்தனை மில்லி உள்ளே இருக்கிறது என்று அச்சிட்டிருந்தது. பழையதிலிருந்து வடித்ததை அளந்து, கண்டென்சருக்கு எவ்வளவு என்று சேர்த்து, மிச்சத்தை வெளியே ஊற்றினார்கள். எனக்கு வந்த ரீகண்டிஷனில் எவ்வளவு ஆயில் இருக்கிறது, என்ன ஆயில் என்று கேட்டபோது விற்றவருக்கும் தெரியவில்லை, மாட்டியவருக்கும் தெரியவில்லை. இதை எழுத்தில் தருகிற ரீகண்டிஷன் கடை கிடைத்தால் என் சாய்வு பாதியாகக் குறையும்.

எப்படி முடிவெடுப்பது? கழற்றிய கம்ப்ரசரின் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். தெளிவாக இருந்து, பிரச்சினை ஷாஃப்ட் சீல் கசிவு மட்டும்தான் என்றால் ரீகண்டிஷன் போதும். டிரையரை மட்டும் கண்டிப்பாக மாற்றுங்கள். கறுத்தோ மினுங்கியோ இருந்தால் கண்டென்சர், டிரையர், எக்ஸ்பேன்ஷன் வால்வ் மூன்றையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்கு வழியில்லையென்றால் கொஞ்ச நாள் ஏசி இல்லாமல் ஓட்டுவது மேல். நான் மூன்றையும் மாற்றியபோது கூலிங் காயிலையும் பைப்புகளையும் அலசி, நைட்ரஜன் விட்டுக் காயவைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் வேக்யூம் இழுத்து (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), அழுத்த மீட்டரின் முள் ஏறுகிறதா என்று காத்திருந்து பார்த்துத்தான் கேஸ் ஏற்றினார்கள். கேஸையும் எடை போட்டு, பானட் அடியில் ஒட்டியிருக்கும் கிராம் கணக்குப்படியே ஏற்றினார்கள்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் எனக்கு அனுபவம் இல்லை. அவற்றின் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவதால் மின்சாரம் கடத்தாத தனி ஆயில்தான் ஊற்ற வேண்டும். சாதாரணக் கார் ஏசிகளில் ஊற்றும் பிஏஜி வகை ஆயில் அதில் கலந்துவிடக் கூடாது. அந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவரிடமே போங்கள்.

அப்புறம் பராமரிப்பு. குளிர் காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள், ஷாஃப்ட் சீல் காயாமல் இருக்கும். "வருஷா வருஷம் கேஸ் டாப்-அப்" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்ந்துபோகிற பொருள் அல்ல. ஒரே வருடத்தில் குளிர்ச்சி போகிற அளவுக்குக் குறைந்தால் எங்கோ கசிகிறது, அதோடு ஆயிலும் போகிறது. கசிவு காட்டும் சாயத்தை விட்டு, புற ஊதா விளக்கு அடித்து இடத்தைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு கேஸ் ஏற்றச் சொல்லுங்கள். முதல் கம்ப்ரசர் போவதற்கு முன் நான் மூன்று தடவை வெறும் கேஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தேன். போன ஆயிலை ஒருவரும் ஊற்றவில்லை, நானும் கேட்கவில்லை.