இந்தியக்காரர் வீட்டு விருந்துக்கு எந்தப் போத்தல்? என் வாக்கு நெல்லி கிறஷ்ஷுக்கு

"இந்தியக்காரர் வீட்டில இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கினம், கையில என்ன கொண்டுபோறது?" என்று இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்கள் அவ்வளவு அபூர்வமில்லை. 2010இல் துணைத் தூதரகம் வந்தது, 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஓடத் தொடங்கியது, 2023இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தது. வேலையாக வந்து வாடகை வீட்டில் இருக்கிற குடும்பங்கள் அக்கம்பக்கத்தோடு பழகிச் சாப்பாட்டுக்கும் கூப்பிடுகின்றன. என்னிடம் கேட்டால் பதில் ஒன்றுதான். ரோசரியன் கன்னியர் மடத்து நெல்லி கிறஷ், அதாவது கலந்து குடிக்கிற நெல்லிக்காய்ப் பாகு, ஒரு போத்தல். சோடாவையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

பலருக்கும் முதலில் மனதில் வருவது வைன். வைன் கெட்டதென்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்த வீட்டு இரவு எப்படிப் போகும் என்று தெரிந்தால் அது ஏன் பொருந்தாது என்று விளங்கும். ஏழரைக்கு வரச்சொன்னால் எட்டுக்குப் போனாலும் பிழையில்லை, சாப்பாடு மேசைக்கு வர ஒன்பதரை பத்தாகலாம். அதுவரைக்கும் பகோடா, டோக்ளா, புளிச் சட்னி, கொத்தமல்லி இலையும் பச்சைமிளகாயும் அரைத்த பச்சைச் சட்னி என்று தட்டுத் தட்டாக வந்துகொண்டேயிருக்கும், கதையும் குடியும் எல்லாம் அந்த நேரத்தில்தான். சாப்பாடு வந்துவிட்டால் தண்ணீர், அல்லது மோர். சாப்பிட்டுக் கை கழுவினால் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எழும்பிவிடுவார்கள், எங்கள் வீடுகளில் போல சாப்பிட்ட பிறகு விறாந்தையில் இருந்து ஊர்க்கதை பேசுவது குறைவு. ஆகவே நீங்கள் கொண்டுபோகிற போத்தல் கறியோடு சேருமா என்று யோசித்துப் பயனில்லை, பச்சைச் சட்னியோடு சேருமா என்று பாருங்கள். துவர்ப்பான சிவப்பு வைனை உறைப்போடு குடித்தால் நாக்கில் எரிவும் கூடும், வைனும் கசக்கும். இனிப்பும் புளிப்பும் குமிழியும் உள்ள எதுவும் அந்த இடத்தில் வைனை வென்றுவிடும்.

அதைவிட, குடிக்காத வீடாக இருந்தால் என்ன செய்வீர்கள்? குஜராத்தில் 1960இலிருந்து மதுவிலக்கு. அங்கிருந்து வந்தவர்கள் ஒருவரும் தொடமாட்டார்கள் என்றில்லை, ஆனால் வயதான அம்மாவும் பிள்ளைகளும் இருக்கிற கூடத்தில் வைன் போத்தலை மேசையில் வைத்தால் வீட்டுக்காரர் அதை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் நிற்பார். நவராத்திரி நாட்களில் மதுவோடு வெங்காயம், உள்ளியையும் விடுகிற வீடுகள் இருக்கின்றன. போயா (பௌர்ணமி) தினமென்றால் கதையே இல்லை, அன்று நாடு முழுக்க மதுக்கடை பூட்டு. நல்ல பழக்கமுள்ள வீடு, குடிப்பார்கள் என்று நிச்சயமாகத் தெரியும் என்றால் மட்டும் வைனைப் பற்றி யோசிக்கலாம்.

இனி சாமானுக்கு வருவோம். மடம் கொழும்புத்துறை வீதியில் இருக்கிறது. ரோசரியன் சபை 1928இல் தோலகட்டியில் தோமஸ் அடிகளார் தொடங்கியது. பழைய ஆட்களுக்கு நெல்லிரசம் என்றவுடன் தோலகட்டி என்றுதான் வாயில் வரும். நெல்லி கிறஷ் கட்டியான பாகு, அப்படியே குடிக்கிற சாமானில்லை. தனியாக ஒரு கரண்டி நக்கிப் பார்த்தால் முதலில் சீனிதான் தெரியும். தண்ணீர் விட்ட பிறகுதான் நெல்லி வெளியில் வரும், முதலில் புளிப்பு, பின்னால் தொண்டைப் பக்கம் மெல்லிய துவர்ப்பு. நெல்லிக்காய் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்குமே, அந்தச் சங்கதியைச் சீனி கொஞ்சம் மூடிவிடுகிறது என்பது என் குறை. அதனால் நான் கலக்கும் அளவு ஒரு பங்குக்கு ஐந்து பங்கு, அதுவும் தண்ணீரில் இல்லை, குளிர்ந்த சோடாவில். கிளாஸில் ஐஸ்கட்டி, அதன்மேல் பாகு, பிறகு சோடாவைச் சரித்து மெதுவாக விடவேண்டும், அவசரப்பட்டால் நுரைத்துக்கொண்டு மேசையெல்லாம் வழியும். அரைத் தேசிக்காய் பிழிந்து ஒரு சிட்டிகை உப்பும் போட்டால் சீனி அடங்கிவிடும்.

நான் போன குஜராத்தி வீட்டில் அந்த அக்கா என்னைவிட ஒரு படி மேலே போனார். ஒரு வாய் குடித்துவிட்டு, "தம்பி, எங்க வீட்டு நெல்லி முரப்பா பாகு மாதிரியே இருக்கு" என்றார் (சென்னையில் சில வருடம் இருந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார்). அப்புறம் குசினிக்குப் போய்க் கறுப்பு உப்பும் வறுத்த சின்னச்சீரகத் தூளும் எடுத்துவந்து எல்லோருடைய கிளாஸிலும் தூவினார். கறுப்பு உப்பின் மணம் பழகாதவர்களுக்கு முட்டை மணம்போல் இருக்கும், பயப்படவேண்டாம், இரண்டாவது மிடறில் பிடித்துவிடும். எண்ணெய்ப் பகோடாவுக்கு அதைவிடப் பொருத்தமான குடிபானம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. பிள்ளைகளும் குடித்தார்கள், அவருடைய மாமியாரும் குடித்தார். நீரிழிவு உள்ள பெரியவருக்கு மட்டும் ஊற்றவில்லை. சீனி அவ்வளவு இருக்கிற சாமான், அதை மறைக்க முடியாது.

அதே மடத்தின் முந்திரிகை (திராட்சை) சாறும் நல்லது, ஆனால் நிறம் மிரட்டும், வெள்ளைச் சட்டைக்காரர் பக்கத்தில் வைக்காதீர்கள். ரோசெட்டோ என்ற அவர்களுடைய வைன் நல்ல இனிப்பு, கறுவா கராம்பு வாசம் உள்ளது. குடிக்கிற இந்திய வீடென்றால் கடையில் வாங்கும் வெளிநாட்டுச் சிவப்பு வைனைவிட இதைத்தான் கொண்டுபோவேன், உறைப்புக்கு இனிப்பு தோதுப்படும். நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள், சூடேறினால் பாணி மாதிரி ஆகிவிடும்.

குடிபானமே வேண்டாம் என்றால் பனங்கட்டிக் குட்டான். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் பார்க்கலாம். ஓலையில் பொத்திய அந்தச் சின்னக் குட்டான்கள் சைவ வீட்டுக்கும் சமண வீட்டுக்கும் பிழையில்லாதவை. மாரிகாலத்தில் கசியும், ஒரு பெட்டிக்குள் வைத்துக் கொடுங்கள். கேக் வேண்டாம், முட்டை சாப்பிடாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. ஜெலட்டின் சேர்ந்த இனிப்புகளும் அப்படித்தான். ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கொண்டுபோனால் கூழ் காய்ச்சவும் நீங்களே போய் நிற்கவேண்டிவரும். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலமென்றால் தாராளமாகக் கொண்டுபோங்கள், ஆனால் அல்போன்சாவோடு ஒப்பிட்டு ஒரு சண்டை நடக்கும் (நாங்கள்தான் வெல்வோம், அது வேறு).

போத்தலைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர் வாங்கி அப்படியே உள்ளே வைத்துவிட்டால் மனம் நோகவேண்டாம், வந்தவர் முன்னால் பரிசைத் திறக்காதது அங்கே மரியாதை. அன்றைக்கே எல்லோரும் குடிக்கவேண்டும் என்று ஆசையிருந்தால் வாசலிலேயே, "இது சோடாவில கலக்கிறது, நான் கலந்து தாறன்" என்று சொல்லிவிடுங்கள். சோடாவைப் பெரிய போத்தலாக வாங்காமல் சின்னதாகச் சிலது வாங்குவது நல்லது, பெரியதைத் திறந்தால் அடியில் வரும்போது குமிழி போய்விடும்.