கோட்டோரமா, காலரியா? கல்லூரி கால்பந்தை எங்கே நின்று பார்ப்பது

கோவையில் ஒரு கல்லூரி அணிக்கு என் அக்கா மகன் லெஃப்ட் பேக், அதாவது பின்வரிசையில் இடது ஓரத்தைக் காக்கிறவன். மூன்று வருடமாக அவன் ஆடும் மேட்ச்சுகளுக்கு ஈரோட்டிலிருந்து போய்வருகிறேன். கூட வருகிறவர்கள் கிரவுண்டுக்குள் கால் வைத்ததும் கேட்பது இதைத்தான்: "எங்கீங்க நின்னா நல்லாத் தெரியும்?" காலரிப் படி, கோட்டோரம், கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் என்று மூன்று இடம் இருக்கிறது. மூன்றிலும் மாறிமாறி நின்று பார்த்துவிட்டேன்.

படியில் உட்கார்ந்தால் ஆட்டத்தின் உருவம் தெரியும். பின்வரிசை நான்கு பேரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் முன்னேறுவது, பந்து வலது பக்கம் போனதும் இடது பக்கம் காலியாவது, இதெல்லாம் உயரத்திலிருந்துதான் பிடிபடும். ஆஃப்சைடு, அதாவது பந்து தட்டப்படும்போது எதிரணிப் பின்வரிசையைத் தாண்டி நிற்பது, இன்னும் புரியாதவர்களை முதல் தடவை நான் அங்கேதான் உட்கார வைப்பேன். பத்து நிமிடத்தில் அவர்களாகவே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் நம் கல்லூரிகளில் பெரும்பாலும் ஐந்தாறு படிதான். அதற்கும் பந்தாடும் இடத்துக்கும் நடுவில் ஓட்டப் பாதை வேறு. உயரமும் போதாது, கிட்டத்திலும் இல்லை.

காலரி என்றால் கோவை நேரு ஸ்டேடியம்தான் காலரி. சென்னை சிட்டி அணி கோவையைச் சொந்த மைதானமாக வைத்து ஐ-லீக் என்ற தேசிய கிளப் போட்டியில் ஆடிய வருடங்களில் அங்கே போயிருக்கிறேன். 2019 மார்ச் 9-ஆம் தேதி மினர்வா பஞ்சாப்புக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் முதலில் கோல் வாங்கிப் பின்தங்கி, அப்புறம் 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் தாண்டிக் கோப்பையை எடுத்தார்கள். அந்தச் சத்தம் எந்தக் கல்லூரி மைதானத்திலும் கிடைக்காது. ஆனால் அத்தனை சத்தத்தில் ஆடுகிறவர்களின் குரல் ஒன்றுகூடக் காதில் விழவில்லை. அந்த சீசனில் சென்னை சிட்டிக்காக 21 கோல் அடித்த பெத்ரோ மான்சி பந்து வாங்குவதற்கு முன் என்ன சொல்லிக் கேட்டார் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

கோட்டோரத்தில் அது தெரியும். கல்லூரி ஆட்டத்தை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லாரையும் இழுப்பதே அதற்காகத்தான். "மேன் ஆன்!" (பின்னால் ஆள் வருகிறான்), "டைம் இருக்கு, திரும்பு!", "டேய், உள்ள வா, உள்ள வா!" என்று தொண்ணூறு நிமிடமும் பேச்சு ஓயாது. கீப்பர்தான் அதிகம் கத்துவார், முழு மைதானமும் அவர் கண்ணுக்கு முன்னால் இருப்பதால். செம்மண் தரையில் பந்து தாறுமாறாக எழும்பும். அதை ஒரே தொடுதலில் காலடியில் அடக்குகிற பையனை இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், டிவியில் பார்த்தது எல்லாம் வேறு விளையாட்டு மாதிரி இருக்கும்.

எந்தக் கோடு என்பதும் முக்கியம். மைதானம் வடக்கு தெற்காக இருந்தால், சாயங்கால ஆட்டத்துக்கு மேற்குக் கோடு. வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று மைதானத்துப் புழுதியைக் கிழக்கே தள்ளும், எதிர்க்கோட்டில் நிற்பவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள். காலை ஆட்டம் என்றால் கிழக்குப் பக்கம். இன்னொன்று: லைன்ஸ்மேன் ஒரு கோட்டில் பாதி தூரம்தான் ஓடுவார், மற்ற பாதியை எதிர்க்கோட்டில் இருப்பவர் பார்ப்பார். அவர் ஓடாத பாதியில் நின்றால் குறுக்கே யாரும் வரமாட்டார்கள். விங்கில், அதாவது ஓரமாகப் பந்தோடு வருகிறவனும் அவனைத் தடுக்கும் பேக்கும் ஒருவரை ஒருவர் கண்ணால் அளப்பது வரை தெரியும். நான் நிற்பது அங்கே, பெனால்டி பெட்டியின் 16.5 மீட்டர் கோட்டுக்கு நேராக.

கோல் போஸ்ட்டுக்குப் பின்னால்? ஒரே ஒரு சமயத்துக்கு மட்டும், பெனால்டி. 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம் என்று எத்தனை தடவை படித்தாலும், வலைக்குப் பின்னால் நின்று கீப்பரின் முதுகைப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய வாசல் என்று உறைக்கும். அடிக்கிறவன் 11 மீட்டரில் நிற்கிறான், அவன் முகம் நேராகத் தெரியும். மற்றபடி எதிர்முனையில் நடப்பது ஒன்றும் விளங்காது. கோலைத் தவறிய பந்து மார்பில் வந்து விழும், குழந்தைகளோடு போனால் அங்கே நிற்கவே வேண்டாம். போன வருடம் ஒரு ஷூட்-அவுட்டில் நாங்கள் கை ஆட்டிக்கொண்டிருந்ததால் ரெஃப்ரி விசிலடித்து எல்லாரையும் ஓரமாகப் போகச் சொன்னார். அவர் செய்தது சரி. கீப்பரின் கண்ணுக்கும் அடிப்பவன் கண்ணுக்கும் தொந்தரவு இல்லாமல் நிற்கத் தெரிய வேண்டும்.

அக்கா ஒரே ஒரு முறைதான் வந்தாள். முழங்கால் வலி. படியில் உட்கார வைத்தேன். முதல் பாதி முழுக்க, "நம்ம கண்ணு எதுடா? எல்லாம் ஒரே சட்டை" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இடைவேளையில் பி.டி. சாரிடம் ஒரு பிளாஸ்டிக் சேர் வாங்கி, கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக் கொடுத்தேன். அவன் எங்களுக்கு முன்னாலேயே நின்று, பக்கத்தில் இருந்தவனை அதட்டி நகர்த்தினான், கீப்பருக்குப் பதில் சொன்னான், விங்கரை உள்ளே கூப்பிட்டான். வீட்டில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத பையன்.

"இவன் இத்தனை பேசுவானாக்கும்!" என்றாள் அக்கா. அதற்கப்புறம் ஆட்டம் முடிகிற வரைக்கும் பந்து எங்கே போகிறது என்று அவள் கேட்கவே இல்லை.