பொலராய்டு பாணிச் செயலிகள்: எதை எதற்கு வைத்துக்கொள்ளலாம்?

எடுத்த உடனே கேமராவிலிருந்து தாளாக வெளிவரும் படம்தான் பொலராய்டு. பொலராய்டு பாணி என்ற பெயரில் கிடைக்கும் செயலிகளில் பலவும் செய்வது இவ்வளவுதான்: சுற்றிலும் வெள்ளை ஓரம், மேலே ஒரு பூச்சு மஞ்சள். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் உழைத்துச் செய்யப்பட்டவை என்று ஹிப்ஸ்டமேட்டிக், டாஸ் கேம், நோமோ கேம் மூன்றைச் சொல்லலாம். பொலராய்டு என்ற பேச்சையே எடுக்காத படத்திருத்தச் செயலியான ஸ்னாப்சீட்டையும், இன்ஸ்டாக்ஸ் என்ற இன்னொரு வகை உடனடிப் படத்தாளிலேயே அச்சிட்டுத் தரும் இன்ஸ்டாக்ஸ் லிங்க் அச்சுப்பொறியையும் இவற்றோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

முதலில் அசலின் அளவு. 1972-இல் வந்த பொலராய்டின் எஸ்எக்ஸ்-70 கேமராவின் தாள் 88 மில்லிமீட்டர் அகலம், 107 மில்லிமீட்டர் உயரம். அதற்குள் படம் ஏறக்குறைய 79-க்கு 79 சதுரம். கீழ் ஓரம் மட்டும் தடித்திருப்பது அழகுக்காக அல்ல. படத்தைத் துலக்கும் ரசாயனப் பசைப் பை அங்கேதான் இருக்கிறது. தாள் உருளைகளுக்கு நடுவே வெளியே வரும்போது பை உடைந்து பசை பரவும். இன்ஸ்டாக்ஸ் மினியின் தாள் 54-க்கு 86, படம் 46-க்கு 62. இந்த இரண்டையும் குழப்பி, நான்கு பக்கமும் ஒரே தடிமனில் ஓரம் போடும் செயலி நிறத்திலும் அதே அக்கறைதான் காட்டியிருக்கும்.

இனி ஒளி. உடனடிப் படத்தாளில் ஆழ்ந்த கறுப்பு கிடையாது. கறுப்பு கொஞ்சம் சாம்பலாகவே நிற்கும். வெளிச்சமான இடமோ சட்டென்று வெளுத்துவிடும். இன்ஸ்டாக்ஸ் மினியின் லென்ஸ் திறப்பு எஃப் 12.7 என்ற சின்னத் துளை, தாளின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஐஎஸ்ஓ 800. அதனால் அறைக்குள் ஃபிளாஷ் அடித்தால் முகம் பளிச்சென்றும் பின்னணி இருட்டாகவும் விழும். திறன்பேசி செய்வது நேரெதிர்: பல வெளிச்ச அளவுகளில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் எச்டிஆர் வசதி நிழலைத் தூக்கிவிடும், வெளிச்சத்தை அடக்கிவிடும். அந்தப் படத்தின் மேல் எந்த வடிகட்டியைப் போட்டாலும் மஞ்சள் காமாலை வந்த திறன்பேசிப் படமாகத்தான் இருக்கும். ஆகவே எந்தச் செயலியானாலும் முதல் வேலை ஒன்றுதான்: இரவுப் பயன்முறையை அணைத்து, ஃபிளாஷைப் போட்டு, ஆளிடமிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டரில் நின்று எடுப்பது. திறன்பேசியின் எல்இடி விளக்குக்கு வலு குறைவு. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

சிங்கப்பூரில் இன்னொரு கணக்கும் உண்டு. பொலராய்டு தன் தாளுக்குப் பரிந்துரைக்கும் வெப்பநிலை 13 முதல் 28 டிகிரி வரை. சிராங்கூன் சாலையில் மத்தியானம் 31, 32 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் துலங்கும் படம் மஞ்சளும் செம்மையுமாகச் சாயும். நீலச் சாயல் குளிரில் வருவது. தேக்கா ஈரச்சந்தை வாசலில் எடுத்த படத்துக்குச் செயலி நீலப்பச்சை பூசினால், பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் இந்த ஊர்ப் பொலராய்டாக இருக்காது. வெதுவெதுப்பான சாயலையே தேர்ந்தெடுங்கள்.

ஹிப்ஸ்டமேட்டிக் இவற்றில் மூத்தது, 2009 டிசம்பரில் வந்த ஐபோன் செயலி. ஒரு லென்ஸையும் ஒரு படச்சுருளையும் இணைத்துப் படமெடுக்கும் ஏற்பாடு அதனுடையது. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினரை நியூயார்க் டைம்ஸ் புகைப்படக்காரர் டேமன் வின்டர் இதில்தான் எடுத்தார்; 2011-இல் அந்தப் படங்களுக்குப் பரிசு கிடைத்தபோது, இது பத்திரிகைப் படமா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. ஆரம்பப் பதிப்புகளில் எடுத்தது எடுத்ததுதான், பிறகு மாற்ற முடியாது. திருத்தும் வசதி 2015-இல்தான் சேர்ந்தது. சேர்க்கைகள் ஏராளம் என்பதே இதன் பலமும் தொல்லையும். உடனடிப் படச் சாயல் மட்டும் வேண்டுமென்றால் பொருத்தமான ஒரு சேர்க்கையைத் தேடிச் சேமித்துவிட்டு மற்றதை மறந்துவிடலாம். கைப்பேசியைக் குலுக்கினால் சேர்க்கை தானாக மாறிவிடும், அதையும் கவனியுங்கள்.

டாஸ் கேமும் நோமோவும் வேறு வழியில் போகின்றன. ஒவ்வொரு பழைய கேமராவுக்கும் ஒரு பொம்மைக் கேமரா. அதைத் தொட்டுத் தேர்ந்தெடுத்து எடுக்க வேண்டியதுதான். அவசரத்துக்கு, தீபாவளி ஒளியூட்டைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவே நாலு படம் எடுக்க, இவைதான் வசதி. இவற்றுக்குக் காசு கட்டுமுன் ஒரு சோதனை: ஒரே சுவரை அடுத்தடுத்து இரண்டு முறை எடுங்கள். தூசியும் கீறலும் ஒளிக்கசிவும் அதே இடத்தில் விழுந்தால், உள்ளே இருப்பது மேலே ஒட்டிய ஒரு படம்தான். இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் சந்தா தானாகத் தொடங்கிவிடும். ஐபோனில் அந்தக் காலம் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தாக வேண்டும். செயலியை நீக்கிவிட்டால் சந்தாவும் போய்விடும் என்று நினைப்பவர்கள்தான் மாதாமாதம் காசு கட்டுகிறார்கள்.

எங்கள் ஓட்டு ஸ்னாப்சீட்டுக்கு. கூகலின் செயலி, இலவசம், ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை, ஆனால் பிடி நம் கையில். முதலில் சதுரமாக வெட்டுங்கள். இருட்டு முதல் வெளிச்சம் வரை ஒரு கோடாகக் காட்டும் வளைவுக் கருவியில் இடக்கோடிப் புள்ளியைப் பத்தில் ஒரு பங்கு மேலே தூக்குங்கள், கறுப்பு சாம்பலாகும். வலக்கோடிப் புள்ளியைச் சற்றே இறக்குங்கள். பிறகு அதே கருவியில் நீல நிறத்துக்கான கோட்டை மட்டும் எடுத்து, வலக்கோடியைக் கொஞ்சம் தாழ்த்தினால் வெளிச்சப் பகுதி மஞ்சளிக்கும். விவரக் கருவியில் கட்டமைப்பைக் குறைத்தால் திறன்பேசியின் கூர்மை மழுங்கும். ஓர இருட்டை லேசாகச் சேருங்கள். கடைசியாக, விரிவாக்கும் கருவியில் வெள்ளையைத் தேர்ந்தெடுத்து ஓரத்தை இழுங்கள்: பக்கங்களில் படத்தின் அகலத்தில் பதினெட்டில் ஒரு பங்கு, மேலே அதைவிடச் சற்று அதிகம், கீழே கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். வரிசை முக்கியம். வெள்ளை ஓரம் போட்ட பிறகு இருட்டைச் சேர்த்தால் வெள்ளையின் மூலைகள்தான் அழுக்காகும், படம் அப்படியே இருக்கும்.

நம் தோல் நிறத்துக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கறுப்பைத் தூக்கும்போது மாநிற முகமும் கறுத்த முகமும் சாம்பல் பூத்துப்போகும். தயார் வடிகட்டிகளில் இதைத் தடுக்க வழியில்லை. இங்கே வேண்டியது கூடுதல் ஒளி, தூக்கிய கறுப்பு அல்ல. பொலராய்டின் ஐடி-2 என்ற அடையாளப்படக் கேமராவில் ஃபிளாஷைக் கூட்டத் தனிப் பொத்தானே இருந்தது. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு கறுப்பர்களைச் சுமக்க வைத்த அனுமதிப் புத்தகங்களுக்குப் பொலராய்டு படங்கள் பயன்பட்டதை எதிர்த்து 1970-இல் அந்நிறுவன ஊழியர்களே போராடினார்கள், 1977-இல் நிறுவனம் அங்கிருந்து விலகியது. கருவியின் வரலாறு கசப்பானது, ஒளியின் கணக்கு மட்டும் சரி. ஸ்னாப்சீட்டில் வளைவைத் தொடுமுன், ஓர் இடத்தை மட்டும் திருத்த உதவும் தேர்வுக் கருவியின் புள்ளியை முகத்தில் வைத்து, வட்டத்தை முகத்தளவுக்குச் சுருக்கி, வெளிச்சத்தைப் பத்துப் பதினைந்து கூட்டுங்கள். பட்டுச் சேலையின் அரக்கு கெடாது, மல்லிகையும் வெளுக்காது.

அச்சு வேண்டுமென்றால் கணக்கே மாறுகிறது. இன்ஸ்டாக்ஸ் மினி லிங்க் 800-க்கு 600 புள்ளிகளில்தான் அச்சிடும். படத்தின் மெகாபிக்சலுக்கு அங்கே வேலையில்லை. தாளே நிறத்தை மங்கவைக்கும் என்பதால், ஏற்கெனவே வடிகட்டிய படத்தை அனுப்பினால் இரண்டு முறை மங்கி, கழுவிப்போட்டது மாதிரி வரும். வெள்ளை ஓரம் உள்ள படத்தை அனுப்பினால் ஓரத்துக்குள் ஓரம். திருத்தாத படத்தை, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து அனுப்புவதே நல்லது. ஒரு பெட்டியில் 10 தாள், ஒன்றுக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ஆகும். பொலராய்டு பெட்டியில் 8 தான், விலையும் அதிகம்.

செலவைக் குறைக்க, கடையில் போடும் 4ஆர் அளவு அச்சு இருக்கிறது. 102-க்கு 152 மில்லிமீட்டர் தாளில் 88-க்கு 107 சட்டகம் தாராளமாக அடங்கும். 1200-க்கு 1800 புள்ளி வெள்ளைப் பின்னணியின் நடுவில், 1039-க்கு 1264 அளவில், வெள்ளை ஓரத்தோடு சேர்ந்த படத்தை வையுங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாது, ஆகவே சுற்றிலும் மெல்லிய சாம்பல் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். ஓரமில்லா அச்சில் இயந்திரம் விளிம்பைக் கொஞ்சம் வெட்டிவிடும் என்பதால் சட்டகத்தைத் தாளின் விளிம்போடு ஒட்டி வைக்கக் கூடாது. கடையில் கொடுக்கும்போது தானியங்கி நிறத் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், நீங்கள் பாடுபட்டு மங்கவைத்த கறுப்பை இயந்திரம் மறுபடி கறுப்பாக்கி, மஞ்சளையும் துடைத்துக் கொடுத்துவிடும்.